பின்னணிச் சத்தம்

சனிக்கிழமை காலை பத்து ஐந்துக்குச் சாமான் வண்டி அந்த வீட்டு வாசலில் நின்றது.

பழைய வீடு. முன்னறை, சமையலறை, படுக்கையறை. அவற்றை ஒட்டி ஒரு நீண்ட நடை. நடையின் கடைசியில் சின்ன அறை ஒன்று. மற்ற அறைகளில் வீட்டுக்காரர் உள்ளே போய் விளக்குப் போட்டுக் காட்டினார். இந்த அறையின் கதவைத் தள்ளிவிட்டு வெளியிலேயே நின்றார்.

"ஸ்டோர் ரூமா வச்சுக்கோங்க."

நான் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் இல்லை. எட்டடிக்கு ஆறடி இருக்கும். ஒரு குச்சி கூட இல்லாமல் காலியாக இருந்தது. நனைந்து காய்ந்த பஞ்சின் வாசனை. கதவின் வெளிப்பக்கம், என் நெஞ்சு உயரத்தில், நான்கு திருகாணித் துளைகளைப் புட்டிப் பசை வைத்து அடைத்திருந்தார்கள்.

நடைச் சுவரில் வைஃபை பெட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது. பச்சை விளக்கு துடித்தது.

"முன்னாடி இருந்தவங்க போட்ட கனெக்‌ஷன்," என்றார். "நல்லாத்தான் ஓடுது. அப்படியே வச்சுக்கோங்க."

"அவங்க காலி பண்ணி நாளாச்சா?"

"நாலு வருஷம்." சாவியை என் கையில் வைத்தார். அவர் கை ஈரமாக இருந்தது.

நாலு வருடமாக யாருக்காக அந்த விளக்கு துடிக்கிறது என்று நான் கேட்கவில்லை. கட்டில் வாசலில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்கப் போய்விட்டேன்.

என் மகள் அதற்குள் வீட்டை மூன்று சுற்று ஓடிவிட்டாள். எட்டு வயது. பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் வாலு. நடையில் நின்று கத்திப் பார்த்தாள். சத்தம் திரும்பி வந்தது. சின்ன அறைக்குள் போய்க் கத்தினாள்.

"அப்பா, இங்க கத்துனா சத்தமே திரும்பி வரல!"

"கத்தாம இருந்தா இன்னும் நல்லது," என்றேன்.

*

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது என் தொழில்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள். கடை எரிந்தது, வண்டி மோதியது, கூரை விழுந்தது. மனிதர்கள் பேசுவார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொல் சொல்லாக அடிப்பேன். காலடியில் ஒரு மிதி. அழுத்தினால் ஒலி ஓடும், விட்டால் நிற்கும்.

தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். பின்னணியில் நாய் குரைக்கலாம், தட்டு விழலாம், குழந்தை அழலாம். அது எழுத்தில் வரக் கூடாது. பன்னிரண்டு வருடத்தில் காது பழகிவிட்டது. பின்னணியை அதுவே கழித்துவிடும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் மனைவி நர்ஸ். காலை ஆறுக்குப் போனால் மாலை நாலரைக்கு வருவாள். பள்ளி வேன் வாலுவை மூன்று நாற்பதுக்கு வாசலில் இறக்கிவிடும். நான் மூன்றரைக்கே முன்கதவின் தாழை நீக்கி வைத்துவிடுவேன். அவள் உள்ளே வந்து, நடையில் பையைப் போட்டுவிட்டு, "வந்துட்டேன்" என்று சொல்லுவாள். ஹெட்போன் மாட்டியிருந்தால் நான் கையை மட்டும் ஆட்டுவேன்.

நிறுவனம் சொன்ன இணையதளத்தில்தான் ஒலியை ஓட்ட வேண்டும். அந்தப் பக்கத்தின் வலது ஓரத்தில் திரை உயரத்துக்கு ஒரு பெட்டி. அதில் விளம்பரம்.

சும்மா நிற்கும் விளம்பரத்தோடு எனக்குப் பகை கிடையாது. இவை தாமாகவே வாயைத் திறந்தன. ஒரு கிழவர் தன் மனைவி மாடிப்படியில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே மெத்தை விற்பாள். கிழவர் சொன்ன தேதி போய்விடும். திரும்ப ஓட்டினால், சரியாக அதே இடத்தில் மறுபடியும் மெத்தை.

பிழை கூடினால் மதிப்பெண் இறங்கும். தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை போய்விடும். குடிவந்த இரண்டாவது வாரத்தில் இரண்டு வாங்கிவிட்டேன்.

பிரவுசரில் விளம்பரத் தடுப்பு ஒன்றைப் போட்டேன். தளம் கண்டுபிடித்துவிட்டது. 'தடுப்பை நீக்கினால்தான் ஒலி ஓடும்' என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. நீக்கினேன். மெத்தைக்காரி சிரித்தாள்.

மேசையைக் குத்தினேன். தேநீர் விசைப்பலகையில் கொட்டியது. அதைத் துடைக்கும்போது ஒரு விளம்பரம் குழந்தைக் குரலில் கூப்பிட்டது.

"அப்பா! எனக்கு அது வேணும்பா!"

திரும்பிப் பார்த்தேன். நடையில் யாரும் இல்லை. மணி பதினொன்று. வாலு பள்ளியில் இருந்தாள்.

திரையில் ஒரு ஜோடி காலணி. சிறுமிகள் போடுவது. முப்பத்தோராம் அளவு.

*

அந்தக் குரல் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். அப்பனாக இருப்பதில் அது ஒரு தொல்லை. பிறகு திரும்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

"வாலுவுக்கு ஷூ தேடுனியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நான் எங்கங்க தேடுனேன்? அவ கால் என்ன சைஸ்னே எனக்கு மறந்துபோச்சு."

பார்த்தோம். முப்பத்தொன்று.

அடுத்து பச்சைத் தவளை வடிவத்தில் முடிக்குக் குத்தும் கிளிப். அதற்கடுத்து சுவரில் ஒட்டும் சின்ன விளக்கு. அதற்கடுத்து ஒரு தாழ்ப்பாள்.

'வெளிப்பக்கம் மட்டும் பூட்டும். உள்ளிருந்து திறக்காது.'

இரண்டு நாள் அதே தாழ்ப்பாள். மூன்றாம் நாள் சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகை. 'அறைக்குள் எழும் சத்தம் வெளியே வராது.' அது ஒன்றுதான் எனக்கு உபயோகமாகப் பட்டது.

என் மைத்துனனைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி. வேறு ஊரில் ஒரு கல்லூரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன்.

"மாமா, அது ஒண்ணும் பேய் பிசாசு இல்ல," என்று சிரித்தான். "ஒரே கனெக்‌ஷன்ல வீட்ல யாராவது ஒண்ணு தேடுனா, அந்த வீட்ல இருக்க எல்லார் திரையிலயும் அதுவே வந்து நிக்கும். அக்கா தேடியிருப்பா. நீங்க சந்தேகப்பட்டு அடி வாங்காதீங்க."

மனைவி பக்கத்தில் இருந்தாள். "டேய், வார்டுல எனக்கு மூச்சு விட நேரமில்ல. போனை லாக்கர்ல வச்சுட்டுப் போறேன். நான் தாழ்ப்பாள் தேடுறேனாக்கும்!"

"அப்ப வாலு."

"அவகிட்ட ஏதுடா போன்?"

"சரி, வீட்ல வேற யாரு இருக்கா?"

"நாங்க மூணு பேர்தான்," என்றேன்.

அந்தப் பக்கம் அவன் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப பழைய ஆளுங்க தேடுனது இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கும்," என்றான். "விடுங்க."

"யார் தேடுனா எனக்கென்னடா. அது வாயை மூடணும். அவ்வளவுதான்."

இதை நான்தான் சொன்னேன்.

"அப்ப உங்க கம்ப்யூட்டர்லயே அடைச்சுடலாம், மாமா. அதுக்குள்ள ஒரு சின்ன ஃபைல் இருக்கு. பேரும் முகவரியும் எழுதி வச்ச நோட்டுன்னு வச்சுக்கோங்க. எந்தப் பேரக் கேட்டாலும் அது வெளிய போறதுக்கு முன்னாடி அந்த நோட்டப் பாக்கும். விளம்பரக் கம்பெனி பேர அதுல எழுதுங்க. முகவரின்னு உங்க கம்ப்யூட்டரோட நம்பரையே போட்டுடுங்க."

"போட்டா?"

"விளம்பரம் எங்கன்னு தேடும். 'இங்கதான், இதே வீட்லதான்'னு நோட்டு சொல்லும். உடனே வீட்டயே கேக்கும். வீட்ல யாரு பதில் சொல்லப் போறா? பெட்டி காலியா நிக்கும். தளத்துக்கும் தெரியாது."

ஒரு வரியில் ஒரு பெயர். இடப்பக்கம் என் கணினியின் எண். வலப்பக்கம் விளம்பரக்காரனின் பெயர். இணையப் பக்கம் யார் யாரைக் கூப்பிடுகிறது என்று காட்டும் பட்டியலை எப்படித் திறப்பது, அதில் புதிதாக வந்த பெயரை எப்படி எடுத்து ஒட்டுவது என்றும் சொல்லிக்கொடுத்தான். முதல் நாள் நாற்பது பெயர்கள் அடித்தேன். அவன் அனுப்பிய நீளப் பட்டியலையும் சேர்த்தபோது பதினோராயிரம் ஆயிற்று.

பதினோராயிரம் பேருக்கு எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தேன்.

சேவ் செய்தேன். பக்கத்தைத் திறந்தேன். வலது ஓரம் வெள்ளையாக இருந்தது.

அமைதி.

*

மூன்று நாள் நன்றாக ஓடியது. மதிப்பெண் தொண்ணூற்றொன்பது. மைத்துனனுக்கு நன்றி சொன்னேன். "ஊருக்கு வரும்போது கவனிச்சுக்கோங்க, மாமா," என்றான்.

நாலாம் நாள் மாலை மனைவி வாலுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது.

"இது ஏதுடி?"

பச்சைத் தவளை. ஒரு கண் பெயர்ந்திருந்தது. பல்லில் துரு. துருவில் நாலைந்து முடி சிக்கியிருந்தது. வாலுவுடையதைவிட நீளம்.

"பின்னாடி ரூம்ல இருந்துச்சும்மா."

"கண்டதையும் எடுத்துத் தலையில வைப்பியா? முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது."

அந்த அறையைக் குடிவந்த அன்று நான் பார்த்திருந்தேன். காலியாக இருந்தது. சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் பேச்சு வளரும். இன்னும் ஒரு மணி நேர ஒலிப்பதிவு பாக்கி இருந்தது.

"நீ அங்க போய் என்ன பண்ற?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்கதான சத்தம் போடாதன்னு சொல்றீங்க. அங்க விளையாண்டா உங்களுக்குக் கேக்காதுல்ல."

மறுநாள் நடையில் ஒரு ஜோடி காலணி. தோல் விறைத்து, மடிப்புகளில் வெள்ளை பூத்திருந்தது. அடியில் எண் தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. அதைக் குப்பையில் போட்டேன். அதற்கு மறுநாள் மாலை, சின்ன அறைக் கதவின் கீழே ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. உள்ளே சுவரில் கையளவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்கம்பி இல்லை. பின்னால் பாட்டரிப் பெட்டியைத் திறந்தேன். பாட்டரி கசிந்து, காய்ந்து, பச்சைப் பொடியாகியிருந்தது.

விளக்கு என் கையில் எரிந்தது.

வாலு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"யார்கூடப் பேசிட்டிருக்க?"

"பேசலப்பா. கேட்டுட்டிருக்கேன்."

அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது முறை 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்றது. காலையில்தான் அதே எண்ணில் குழாய் ஒழுகுவதைப் பற்றி அவரிடம் பேசியிருந்தேன்.

புதன்கிழமை தாழ்ப்பாள் வந்துவிட்டது.

மனைவிதான் முதலில் பார்த்தாள். "நல்லவேளை, போட்டீங்க," என்றாள். "இனிமே இவ உள்ள போக மாட்டா."

"நான் போடல."

"பின்ன?"

இருவரும் நடையில் நின்றோம். புட்டி அடைத்த நான்கு துளைகள் இருந்த இடத்தில் நான்கு திருகாணிகள். திரைப்படத்தில் வருவதுபோல் எதுவும் ஆடவில்லை, கிறீச்சிடவில்லை. ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். நான் அதைப் பத்து நாளைக்கு முன் திரையில் இரண்டு நாள் பார்த்திருந்தேன்.

அப்போதுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளம்பரத்தில் வந்தவை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வருகின்றன. காலணியும் கிளிப்பும் இடம் மாறி வந்தன. மற்றபடி அதே வரிசை.

"ஏதோ ஒண்ணு இதையெல்லாம் வெளிய கேட்டுக்கிட்டிருந்துச்சு," என்றாள் மெல்ல. "நீங்க வெளிய போற வழிய அடைச்சுட்டீங்க. இப்ப வீட்டயே கேக்குது."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அடுத்து என்ன?"

"பஞ்சுப் பலகை."

"முதல்ல இதக் கழட்டுங்க."

திருப்புளி கொண்டுவந்தேன். திருகாணித் தலைகளின் மேல் பெயிண்ட் பூசியிருந்தது. ஒரு பூச்சு இல்லை, நாலைந்து. காலையில் இல்லாத தாழ்ப்பாளின் மேல் பல வருடத்துப் பெயிண்ட். சுரண்டினேன். திருப்புளி நழுவிக் கையைக் கிழித்தது. ஒரு திருகாணிகூட அசையவில்லை. கதவை உதைத்தேன். கால்தான் வலித்தது.

"ஞாயித்துக்கிழமை வேற வீடு பாக்கப் போறோம்," என்றாள்.

"சரி. அதுவரைக்கும் அவ உள்ள போகாம இருந்தா போதும்."

முன்வாசல் பூட்டை எடுத்துவந்தேன். சின்ன அறைக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தேன். காலி. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அதில் பூட்டை மாட்டிப் பூட்டினேன். சாவி சட்டைப்பையில்.

நன்றாகப் பொருந்தியது.

*

வியாழன்.

மூன்றரைக்கு முன்கதவின் தாழை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கையில் இருந்தது நாற்பது நிமிட ஒலிப்பதிவு. ஒரு ஜவுளிக் கடைக்காரர். கடைக்குள் தண்ணீர் புகுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிய குரல். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்றாவது எச்சரிக்கை இதில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போய்ப் பயனில்லை.

வாலு வந்த சத்தம் கேட்கவில்லை. ஹெட்போன் அப்படிப்பட்டது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு, கடைக்காரர் எத்தனை மூட்டை நனைந்தது என்று சொல்ல வந்த இடத்தில், இன்னொரு குரல் குறுக்கே வந்தது.

"அப்பா."

மெல்லிய குரல். தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல. வயது தெரியவில்லை, ஆணா பெண்ணா தெரியவில்லை.

பழக்கத்தில் பாதி திரும்பினேன். பிறகு திரும்பாமல் விட்டேன். வலது ஓரப் பெட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. அதன் மூலையில் மட்டும் ஒலிச் சின்னம் எரிந்துகொண்டிருந்தது.

பின்னோக்கி ஓட்டினேன். மிதியை அழுத்தினேன்.

"மொத்தம் நனஞ்சது வந்து..."

"அப்பா, கதவத் திறங்கப்பா."

கதவு விற்கிறவன் என்று நினைத்தேன். எப்படியோ ஒருவன் நுழைந்துவிட்டான். பதினோராயிரம் பேரை அடைத்தும் ஒருவன். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"சனியனே," என்றேன். உரக்கவே சொன்னேன்.

பட்டியலைத் திறந்தேன். கடைசியில் புதிதாக ஒரு பெயர் வந்திருந்தது. நிறுவனப் பெயர்களுக்கு உள்ள நீளம் இல்லை. சின்னதாக இருந்தது. படிக்காமல் எடுத்தேன். நோட்டில் ஒட்டினேன். சேவ் செய்தேன்.

ஒட்டும்போதும் அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

"அப்பா, இருட்டா..."

நின்றது.

மிதியை அழுத்தினேன். எழுபத்திரண்டு மூட்டை என்றார் கடைக்காரர். அடித்தேன். மீதியையும் ஒரு தடங்கல் இல்லாமல் முடித்தேன். நாலு இருபத்தெட்டுக்கு அனுப்பினேன். மதிப்பெண் நூறு. பன்னிரண்டு வருடத்தில் முதல் நூறு.

ஹெட்போனைக் கழற்றியபோது மனைவி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வாலு எங்கங்க?"

"இன்னும் வரல போல."

"பை இங்க கெடக்கு."

நடையில் பை. பக்கத்தில் அவள் பள்ளிக் காலணி, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும்.

படுக்கையறை. சமையலறை. குளியலறை. கட்டிலின் கீழே. மனைவி வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டாள். "மூணு நாப்பதுக்கு இறக்கிவிட்டேன் மேடம். வீட்டுக்குள்ள போறதப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

சின்ன அறைக் கதவில் என் பூட்டு தொங்கியது. பூட்டியபடியே இருந்தது. கதவின் கீழே மஞ்சள் கோடு.

சட்டைப்பையில் சாவி இருந்தது. அவசரத்தில் இரண்டு முறை கீழே விழுந்தது.

திறந்தேன்.

முதலில் வாசனை. ஈரப் பஞ்சு.

நான்கு சுவரிலும், கதவின் உள்பக்கத்திலும் சாம்பல் நிறப் பலகைகள். நேற்று இல்லாதவை. பழையவை. ஓரங்கள் கறுத்து, பூஞ்சை பிடித்து, சுவரோடு சுவராக இறுகிப்போனவை. மேல்பாதி முழுதாக இருந்தது. கீழ்ப்பாதி, ஒரு சிறுமியின் கை எட்டும் உயரம் வரை, பிய்ந்திருந்தது.

தரையெல்லாம் பஞ்சுத் துணுக்கு.

விளக்கு எரிந்தது. அதன் கீழே நான் குப்பையில் போட்ட காலணி, ஜோடியாக. அதன்மேல் தவளை கிளிப். அதில் இப்போது இரண்டு நீளத்தில் முடி இருந்தது.

அறையில் யாரும் இல்லை.

"வாலு!" என்று கத்தினேன். குரல் என் வாயைவிட்டுப் போனதும் இல்லாமல் போயிற்று.

மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பலகைகளைப் பிய்த்தாள். பின்னால் செங்கல்தான் இருந்தது. நகம் உடைந்தது. அவள் தெருவுக்கு ஓடினாள். ஒவ்வொரு வாசலாக அவள் மகளைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. தூரத்தில் ஒரு வண்டி. யாரோ தட்டைப் போட்ட சத்தம். ஒரு நாய். பன்னிரண்டு வருடமாகக் கேட்காதவை எல்லாம் கேட்டன.

நான் நடையில் நின்றேன். பச்சை விளக்கு துடித்தது.

மூன்று ஐம்பத்திரண்டு.

மேசைக்கு ஓடினேன். நோட்டைத் திறந்தேன். பதினோராயிரம் பெயர்களைத் தாண்டி அடிக்குப் போனேன். கடைசி வரி.

இடப்பக்கம் என் கணினியின் எண்.

வலப்பக்கம் என் மகளின் பெயர். பள்ளிப் பெயர் இல்லை. வீட்டில் நாங்கள் கூப்பிடும் 'வாலு'.

அந்த வரியை அழித்தேன். சேவ் செய்தேன். 'மாற்ற அனுமதி இல்லை' என்றது. மறுபடி அழித்தேன். மறுபடி அதே. காலையிலிருந்து மாலைவரை நான் கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்ட கணினி. நேற்றுக் கிழிந்த காயத்திலிருந்து விசைப்பலகையில் இரத்தம் பட்டது. ஐந்தாவது முறை ஏற்றுக்கொண்டது.

பக்கத்தைத் திறந்தேன். வலது ஓரம் வெள்ளை. காத்திருந்தேன். மூலையில் ஒலிச் சின்னம் எரிந்தது.

ஹெட்போனை மாட்டினேன். ஒலியை முழுதாக ஏற்றினேன்.

காற்று. அல்லது பஞ்சில் எதுவோ உரசும் சத்தம். நான் வழக்கமாக எழுதாமல் விடுவது.

"சொல்லும்மா," என்றேன். "அப்பா கேட்டுட்டுத்தான் இருக்கேன். சொல்லு."